படம் ஓடுகிறது, ஒலி மட்டும் அறுபடுகிறது

கேள்வி: டிவி ஆப்களில் படம் பார்க்கும்போது ஹோம் தியேட்டரில் ஒலி ஓரிரு விநாடி நின்று மீண்டும் வருகிறது. இ-ஆர்க் (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே அனுப்பும் வசதி) இணைப்புதான். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பழுதா?

பதில்: அவசரப்பட்டு ரிசீவரைக் கழற்றாதீர்கள். நிற்பது ஒரே ஸ்பீக்கரா, எல்லாமா என்று முதலில் கவனியுங்கள். ஒன்று மட்டும் என்றால் அதன் ஒயர் முனை தளர்ந்திருக்கும்; 1 செ.மீ. அளவுக்குப் புதிதாகச் சீவி, இழைகளை முறுக்கி இறுக்குங்கள். பிரிந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆபத்து.

எல்லாம் சேர்ந்து நின்றால், பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ கேபிள்தான். அதன் 19 பின்களில் 14, 19 ஆகிய இரண்டின் வழியாகவே டிவியிலிருந்து ஒலி திரும்பி வருகிறது. அந்த ஜோடி பலவீனமானால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, ஒலி மட்டும் அறுபடும். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று பெற்ற, 2 மீட்டருக்கு மேற்படாத கேபிளை மாற்றிப் பாருங்கள். இரு முனையும் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று குறித்த போர்ட்டில்தான் இருக்க வேண்டும்.

அப்படியும் தீராவிட்டால், டிவியின் ஒலி அமைப்பை பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) ஆக்கி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சிக்கல் மறைந்தால் கோளாறு டால்பி (சுருக்கி அனுப்பப்படும் சுற்றொலி) சிக்னலைக் கையாள்வதில் இருக்கிறது. டிவி, ரிசீவர் இரண்டின் மென்பொருளையும் புதுப்பித்து, 10 நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி இணையுங்கள். பிசிஎம்மிலும் தொடர்ந்தால், ப்ளூரே பிளேயர் போன்ற ஒன்றை நேரே ரிசீவரில் செருகிக் கேளுங்கள். அங்கும் நின்றால் மட்டுமே ரிசீவரைச் சந்தேகிக்கலாம்.