கைடு ஒரு நாளைக்குப் போதும்

கேள்வி: அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். திரும்பும் வழியில் துருக்கியில் ஐந்து நாள், அதில் இரண்டு நாள் கப்படோக்கியா. பாறைக் குகைகளும் மண்ணுக்கடியில் குடைந்த பாதாள நகரங்களும் உள்ள பகுதி அது. எனக்கு 61, கணவருக்கு 67. அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடமாகிறது. சமதரையில் நன்றாக நடப்பார், படி இறங்கத்தான் சிரமம். எனக்கோ கூட்டமான லிஃப்டில் ஏறினாலே மூச்சு முட்டும். இரண்டு நாளுக்கும் தனி கைடு, தனி வேன் வைக்கலாம் என்று மகள் விசாரித்திருக்கிறாள். மற்றவர்களோடு பொது வேனில் போவதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு செலவு. "குகையைப் பார்க்கக் கைடு எதுக்கு? யூடியூப்ல பார்த்துட்டுப் போனா போதாதா?" என்கிறார் கணவர். மகள் காசு என்பதால் எனக்கும் மனசு வரவில்லை. பாதாள நகரத்துக்குள் இறங்காமல் திரும்பினால் அங்கே போனதே வீண் என்று போய்வந்தவர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். இருவரும் சைவம். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: ஒரு நாளைக்கு எடுங்கள், சகோதரி. இரண்டாம் நாளுக்கு வேண்டாம்.

தனி கைடு என்றாலே வசதியுள்ளவர்கள் சமாச்சாரம் என்று நமக்கு ஒரு நினைப்பு. உங்கள் இருவர் விஷயத்தில் அந்தப் பணம் வேறொன்றுக்குப் போகிறது. "போதும், இங்கேயே திரும்பிடலாம்" என்று கூச்சப்படாமல் சொல்வதற்கு. பொது வேனில் கூடவே பன்னிரண்டு, பதினைந்து பேர் இருப்பார்கள். அத்தனை பேரைக் காக்க வைத்து "முழங்கால் வலிக்குது" என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டு, ராத்திரி ஹோட்டலில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்.

முதல் தடவை நானும் பொது வேனில்தான் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம். காலையில் ஒரு கம்பளக் கடையில் இறக்கிவிட்டு, ஆப்பிள் டீ கொடுத்து, ஒன்றரை மணி நேரம் விரித்து விரித்துக் காட்டினார்கள். அதன்பின் கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நாற்பது நிமிடம். பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டிய பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுத் தேவாலயங்கள் வரிசையாக இருக்கும் இடம் அது. ஒவ்வொன்றின் வாசலிலும் க்யூ. கம்பளத்துக்கு இருந்த நேரம் சுவரோவியத்துக்கு இல்லை.

அதனால் கைடு வைக்கும் நாளை கோரெமேயில் தொடங்குங்கள், கதவு திறக்கும் நேரத்துக்கே. யூடியூப் கைகொடுக்காத இடம் இது. 'இருண்ட தேவாலயம்' என்று ஒன்று உண்டு, துருக்கி மொழியில் 'கரான்லிக் கிலிசே'. ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் வெளிச்சம் வரும். வெயில் படாததால் ஓவியங்களின் நிறம் மங்கவில்லை. இடையில் பல காலம் அது புறாக்கூடாகக் கிடந்தது என்பதும் ஒரு வேடிக்கை. அதற்குத் தனி டிக்கெட், படம் எடுக்க அனுமதி இல்லை, ஏறிப்போகக் கொஞ்சம் படிகளும் உண்டு. கணவர் யோசித்தால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். 'தொகாலி' தேவாலயம் பிரதான வாயிலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. அதே டிக்கெட்தான். வெளியே வந்தவர்கள் நேரே பஸ்ஸைப் பார்த்து நடந்துவிடுவதால் பலருக்கு அது தவறிப்போகிறது. உள்ளே அடர் நீலப் பின்னணியில் இயேசுவின் வாழ்க்கை முழுக்கச் சுவரில் ஓடுகிறது. எந்தக் கட்டம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கைடுக்குக் கொடுக்கும் காசில் பாதி எனக்கு அந்த ஒரு இடத்திலேயே வசூலாகிவிட்டது.

உங்களுடன் வேதாகமம் படிப்பவர்கள் யாராவது வந்தால், தமிழ் பைபிளில் வரும் 'கப்பத்தோக்கியா' இதுதான் என்று சொல்லுங்கள். பேதுருவின் முதல் நிருபம் தொடங்கும் வரியிலேயே இருக்கிறது.

பாறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எர்ஜியெஸ், ஹசன் போன்ற எரிமலைகள் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கக்கிய சாம்பல் படிந்து இறுகியதுதான் இந்த நிலம். நம் மாமல்லபுரத்துக் கருங்கல் மாதிரி உளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வெட்டும்போது மென்மை, காற்றுப் பட்ட பிறகு இறுக்கம். கெட்டியான பாறைத்துண்டு மேலே தொப்பிபோல் உட்கார்ந்த இடங்களில் அடியில் இருப்பது தப்பிக்க, சுற்றிலும் மழையும் காற்றும் அரித்துவிட்டன. படங்களில் பார்க்கிற காளான் தூண்கள் அப்படி வந்தவை. பாதையில் இதே பாறை மணல்மணலாக உதிர்ந்து கிடக்கும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இந்த வழுக்கல்தான் வில்லன். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ இல்லாமல் கணவரைக் கூட்டிப்போகாதீர்கள்.

சரி, பாதாள நகரத்துக்கு வருவோம். உங்கள் பயம் முழுக்க அங்கேதானே இருக்கிறது.

பெரிய நகரம் தெரின்குயு. துருக்கி மொழியில் 'ஆழ்கிணறு' என்று பொருள். சுமார் 85 மீட்டர் ஆழம். 1963-ல் ஒருவர் தன் வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தபோது பின்னால் வழி ஒன்று தென்பட, இது மறுபடி வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. தொழுவம், சமையலறை, திராட்சை பிழியும் தொட்டி, தேவாலயம் எல்லாம் மண்ணுக்கடியில். அரபுப் படையெடுப்புக் காலத்தில் ஊர் ஜனம் ஆடுமாடோடு உள்ளே போய், வட்டக் கல்லை உருட்டி வழியை அடைத்துக்கொண்டது. அந்தக் கல்லை உள்ளிருந்துதான் திறக்க முடியும். நடுவில் ஒரு துளை வேறு. இது என்றோ முடிந்துபோன கதையும் அல்ல. 1909-ல் தெற்கே அதானா நகரில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி வந்தபோதுகூட இந்தப் பகுதிக் கிரேக்கர்கள் சுரங்கத்துக்குள் ஒளிந்திருக்கிறார்கள். 1923-ல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்த பிறகு, கிறிஸ்தவக் குடும்பங்கள் மொத்தமாகப் போய்விட்டன. அறைகள் காலியானது அப்போதுதான்.

இவ்வளவையும் கேட்டால் யாருக்கும் இறங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குப் போகும் வழி, முதுகை வளைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கும் குறுகல். எதிரே ஒரு கூட்டம் ஏறி வந்தால் நடுவில் நிற்க வேண்டியதுதான். மூச்சு முட்டுகிறவருக்கு ஆழம் பிரச்சினை இல்லை. காற்றுக்குப் பெரிய குழாய்கள் குடைந்திருக்கிறார்கள், உள்ளே ஜில்லென்றுதான் இருக்கும். முன்னாலும் பின்னாலும் ஆள் அடைத்துக்கொண்டு, திரும்ப இடமில்லாமல் நிற்பதுதான் பிரச்சினை. லிஃப்டில் உங்களுக்கு வருவதும் இதேதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே தெரின்குயு உங்களுக்கு வேண்டாம். கணவருக்கும் வேண்டாம், அத்தனை படி அவர் முழங்காலுக்கு ஆகாது. அவனோஸ் பக்கம் ஒஸ்கோனாக் என்று சிறிய பாதாள நகரம் ஒன்று இருக்கிறது. ஆழம் குறைவு, கூட்டமும் குறைவு. வேன்கள் பெரும்பாலும் தெரின்குயு, கய்மாக்லி என்றே போய்விடுகின்றன. அங்கே முதல் தளம்வரை போய், உருட்டுக்கல் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள். முதலில் உள்ளே போய்ப் பார்த்து, கூட்டம் எப்படி என்று வந்து சொல்லும்படி கைடிடம் கேளுங்கள். தனி கைடு அதைச் செய்வார். பதினைந்து பேரை மேய்க்கிறவரால் முடியாது. அப்போதும் உள்ளே போகப் பிடிக்கவில்லை என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள். பயமுறுத்தியவர்களில் எத்தனை பேர் கடைசித் தளம்வரை இறங்கினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், பதில் சுவாரஸ்யமாக இருக்கும்.

ஒஸ்கோனாக்கிலிருந்து திரும்பும்போது அவனோஸில் நிறுத்தலாம். கிசிலிர்மாக், அதாவது செந்நதி, அந்த ஊர் வழியாக ஓடுகிறது. அதன் செம்மண்ணில்தான் அங்கே பானை வனைகிறார்கள், இன்னமும் காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தில். பார்க்க ஆசையாக இருந்தால் பாருங்கள். நீங்களாகக் கேட்டுப் போவதற்கும் உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இனி கைடை எப்படிப் பிடிப்பது. துருக்கியில் கைடுகளுக்கு அரசாங்க உரிமம் கட்டாயம். படம் ஒட்டிய அட்டை கழுத்தில் தொங்கும். அவர்களின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியை ஆண்டுதோறும் அரசே அறிவிக்கிறது. ஆகவே ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால், ஒன்று வருபவர் உரிமம் இல்லாத டிரைவர், அல்லது மீதிப் பணம் கம்பளக் கடையிலிருந்து கமிஷனாக வருகிறது. உங்கள் மகளை விட்டு, வருபவர் உரிமம் பெற்ற கைடா, நுழைவு டிக்கெட் சேர்த்தா சேர்க்காமலா, கடைகளில் நிறுத்தமாட்டார்களா என்று மூன்றையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் போதும். வழியில் யாராவது மறுபடி ஆரம்பித்தால் "அலிஷ்வெரிஷ் யோக்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஷாப்பிங் கிடையாது என்று அர்த்தம். கைடுக்கும் வேனுக்கும் நாள் கணக்கில்தான் பணம், தலைக்கு இவ்வளவு என்று இல்லை. இஸ்தான்புல்லில் நம்மூர்க் குடும்பம் யாராவது அகப்பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவு பாதியாகும். ஆனால் அவர்கள் தெரின்குயுவில் கடைசிவரை இறங்கியே தீருவேன் என்கிற ரகமா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கைடு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். கப்படோக்கியா என்றால் 'அழகிய குதிரைகளின் நாடு' என்று காரில் ஏறிய ஐந்தாம் நிமிடம் சொல்வார். அந்தப் பொருள் சரியா என்பதில் மொழி அறிஞர்களுக்கே சந்தேகம் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாளுக்குக் காரும் டிரைவரும் போதும். இஹ்லாரா பள்ளத்தாக்குக்குப் போங்கள். கோரெமேயிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆறு, கரை நெடுக மரங்கள், சுவரில் ஆங்காங்கே குடைந்த தேவாலயங்கள். வழக்கமாக எல்லோரையும் இறக்கிவிடும் வாசலில் 380-க்கு மேல் படிகள். கணவர் அதை எண்ணிப் பார்க்க வேண்டாம். டிரைவரிடம் பெலிசிர்மா கிராமத்துக்கு விடச் சொல்லுங்கள். அங்கே கார் ஆற்றங்கரைக்கே இறங்கிவிடும். தண்ணீருக்கு மேல் மேடை போட்ட உணவகங்கள் இருக்கின்றன. அவர் அங்கே காலை நீட்டி உட்காரட்டும், நீங்கள் ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். இதற்குக் கைடு தேவையில்லை.

சாப்பாடு பெரிய கஷ்டமில்லை. கோஸ்லெமே என்று ஒன்று கிடைக்கும், மெல்லிய ரொட்டிக்குள் உருளைக்கிழங்கோ கீரையோ சீஸோ வைத்து மடித்துச் சுட்டது. எங்கேயும் நம்பிச் சாப்பிடலாம், உள்ளே என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பருப்பு சூப்தான் ஏமாற்றும். பார்க்க நம் பருப்பு ரசம் போலவே இருக்கும், ஆனால் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்கிறார்கள். "எத் சுயு வார் மி?" என்று கேளுங்கள், இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று அர்த்தம். மண்பானையை உடைத்துப் பரிமாறும் தெஸ்தி கெபாப் காய்கறியிலும் செய்வார்கள், அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பலூன் சவாரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அங்கே போனதும் எல்லோரும் கேட்பார்கள். கூடையின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளில் கால் வைத்து ஏறி உள்ளே குதிக்க வேண்டும், இறங்கும்போது முழங்காலை மடக்கிக் குந்த வேண்டும். கணவருக்குச் சரிவராது, டாக்டரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மட்டும் போவதென்றால் முதல் நாள் காலைக்கே பதிவு செய்யுங்கள். காற்று சரியில்லை என்று ரத்தானால் மறுநாள் ஒன்று கையில் இருக்கும்.

அப்புறம், வேனின் முதல் படி நல்ல உயரம். காலடியில் வைக்கச் சின்ன ஸ்டூல் இருக்கிறதா, இல்லை சாதாரண கார் கிடைக்குமா என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அக்டோபர் ராத்திரி அங்கே குளிரும், ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். குகை ஹோட்டலில் அறை எடுத்தால் படியேறாமல் போகிற அறையாகக் கேளுங்கள். மலைச்சரிவில் குடைந்தவை அவை, பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. உங்களுக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கலாம், கணவருக்குத்தான் கஷ்டம்.