அளப்பது ஒருவர், ஆணையிடுவது வேறொருவர்: வாசகர் கேள்வி – பதில்

பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல், பணியிடம் ஆகியவற்றுக்கான தேசிய உடல்நலப் பாதுகாப்பு முகமை, சுருக்கமாக ‘ஆன்செஸ்’, தொடர்பாக வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மருந்துக்கடையில் மஞ்சள் மாத்திரை கேட்டபோது, “ஆன்செஸ் எச்சரித்திருக்கிறது, மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மஞ்சள் சேர்த்தே சமைக்கிறோம். நம் மஞ்சள்மீது இவர்களுக்கு என்ன கோபம்?
– வாசகி, சார்செல்

கோபம் ஏதுமில்லை, அம்மா. அந்த எச்சரிக்கை மாத்திரையைப் பற்றியது. உங்கள் அஞ்சறைப்பெட்டியைப் பற்றியதல்ல. மஞ்சளோ அதன் சாரமான குர்குமினோ அடங்கிய மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்கு ஏற்பட்ட, அவற்றோடு தொடர்புடையவையாக இருக்கக்கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட பாதிப்புகள் முகமையின் கண்காணிப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் சுமார் பதினைந்து கல்லீரல் அழற்சி. இத்தாலியிலும் இதே போன்ற நிகழ்வுகள் பதிவாகியிருந்த நிலையில், 2022-ஆம் ஆண்டு ஆன்செஸ் தன் கருத்துரையை வெளியிட்டது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் குர்குமின்வரை உட்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு. பிரான்சில் மஞ்சளை அதிகம் உண்பவர்களுக்குச் சாப்பாட்டின் வழியாகச் சேர்வது 27 மில்லிகிராம் என்று ஆன்செஸ் கணக்கிட்டு, மீதமுள்ள 153 மில்லிகிராமை மாத்திரைக்கான உச்ச அளவாக வைத்தது. பிரெஞ்சுச் சாப்பாட்டு மேசையை வைத்துப் போட்ட கணக்கு இது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சாம்பாரிலும் மீன்குழம்பிலும் பொரியலிலும் மஞ்சள் விழும் வீடுகளில் அந்த 27 சற்றுக் கூடவே இருக்கும். ஆகவே மாத்திரைக்கு மிஞ்சும் இடம் நமக்கு இன்னும் குறைவு.

சிக்கலின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. சாதாரண மஞ்சள்தூளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதைக் கூட்டுவதற்காகத் தயாரிப்பாளர்கள் மிளகின் காரச் சாரமான பிப்பெரினைச் சேர்க்கிறார்கள், அல்லது கொழுப்போடு பிணைத்து நுண்துகளாக மாற்றுகிறார்கள். இவ்வாறு செய்யப்பட்ட மாத்திரையின் உறையில் குறைந்த எண்ணே அச்சாகியிருந்தாலும், உடலுக்குள் போய்ச் சேரும் அளவு பல மடங்காகிவிடலாம். ரசத்திலும் மஞ்சளும் மிளகும் சேர்கின்றனவே என்று நீங்கள் கேட்கக்கூடும். சேர்கின்றன, ஆனால் சிட்டிகைக் கணக்கில்.

பித்தக்குழாய் நோய் உள்ளவர்கள் இம்மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்றும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ நோயெதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சையிலோ இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றும் அக்கருத்துரை சொல்கிறது. கடைக்காரர் உங்களைத் திருப்பியனுப்பியது சரியே. ஏனெனில் இவ்வகை மாத்திரைகள், மருந்துகளைப் போலச் சோதித்து முன்னனுமதி பெற்ற பிறகு சந்தைக்கு வருபவை அல்ல. யாருக்கேனும் பாதிப்பு நேர்ந்து, அதை யாரேனும் தெரிவித்தால்தான் நிலவரம் வெளிப்படும். மருத்துவர் மட்டுமன்றி, உட்கொண்டவரே கண்காணிப்புப் பிரிவுக்கு நேரடியாக எழுதலாம். இது நம்மவர்கள் பலர் அறியாத வசதி.

லா கூர்னவில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஆன்செஸ் அதிகாரிகள் வந்து சோதனை செய்து கடையை மூட முடியுமா?
– கடைக்காரர் ஒருவர்

முடியாது. கடைகளில் சோதனையிடுவதும், அபராதம் விதிப்பதும், சரக்கைத் திரும்பப் பெறச் சொல்வதும் அமைச்சகங்களின் கீழுள்ள ஆய்வுத் துறைகளின் வேலை. உணவுச் சுகாதாரத்தைப் பொறுத்தவரை 2024 முதல் அப்பொறுப்பு வேளாண் அமைச்சகத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளது. 2020 இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த எள்ளில், ஐரோப்பாவில் உணவுக்குத் தடைசெய்யப்பட்ட கிருமிநீக்கியான எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்டு, எள் கலந்த பொருட்கள் அலமாரிகளிலிருந்து அகற்றப்பட்டபோது உங்கள் கடைக்கும் அறிவிப்பு வந்திருக்கும். அதுவும் ஆன்செஸ் அனுப்பியதல்ல. அங்கே இருப்பவர்கள் ஆய்வகத்திலும் கோப்புகளிலும் வேலை செய்பவர்கள்.

ஒரு பொருள் கெடுதல் என்று கண்டுபிடித்த பிறகும் அந்த முகமை ஏன் அதைத் தடை செய்வதில்லை? தடை செய்ய அதிகாரமில்லாத நிறுவனம் எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி

பைத்தியமாடு நோய் ஐரோப்பாவை உலுக்கியபோது, உற்பத்தியாளரின் நலனைப் பார்க்கும் அமைச்சகமே உண்பவரின் ஆபத்தையும் அளந்து சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. அதன் விளைவாக 1999-இல் உணவுக்கென்று தனி முகமை தொடங்கப்பட்டது. சுற்றுச்சூழலுக்கும் பணியிடத்துக்குமான மற்றொரு முகமையோடு அது இணைந்து 2010 ஜூலை 1-இல் ஆன்செஸ் ஆனது. பாரிஸை அடுத்த மேசோன்-ஆல்ஃபோரில் தலைமையகம் கொண்ட அது, சுகாதாரம், வேளாண்மை, சுற்றுச்சூழல், தொழிலாளர், நுகர்வோர் என ஐந்து அமைச்சகங்களின் பொறுப்பில் இருக்கிறது. ஆபத்தை அளப்பது முகமை. அளந்ததை வைத்து முடிவெடுப்பது அரசு. முகமையின் கருத்துரைகள் வெளியிடப்படுவதால், அமைச்சர் அதை ஏற்றாரா, பாதியில் விட்டாரா என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தடையாணையைக் காட்டிலும் இந்த வெளிப்படைத்தன்மைக்கே பல நேரங்களில் வலிமை அதிகம் என்பது என் எண்ணம்.

மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் வெண்மை தரும் டைட்டானியம் டைஆக்சைடு, அதாவது இ171, பாதுகாப்பானது என்று உறுதிசெய்யப் போதிய தரவு இல்லை என்று 2019-இல் முகமை சொன்னது. அரசு 2020 தொடக்கத்திலிருந்து உணவில் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதே முடிவுக்கு வந்தது. பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கப்படும் நைட்ரைட்டுக்கு அவ்வாறு நடக்கவில்லை. அதற்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முகமை 2022 ஜூலையில் உறுதிப்படுத்தி, இவ்வகை இறைச்சியை வாரத்துக்கு 150 கிராமுக்குள் நிறுத்தச் சொன்னது. அரசோ தடை விதிக்காமல், படிப்படியாகக் குறைக்கும் திட்டமொன்றை மறு ஆண்டில் அறிவித்தது.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி விஷயத்தில் கதை வேறு. 2015 முதல் அவற்றுக்கான விற்பனை அனுமதியைக் கொடுப்பதும் பறிப்பதும் ஆன்செஸின் கைக்கே வந்துவிட்டன. மக்காச்சோளத்துக்கும் சூரியகாந்திக்கும் அடிக்கப்படும் எஸ்-மெட்டோலாக்ளோர் என்ற களைக்கொல்லியின் சிதைவுப்பொருட்கள், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டி நிலத்தடி நீரில் காணப்பட்டதால், அதன் முக்கியப் பயன்பாடுகளுக்கான அனுமதியை விலக்கிக்கொள்ளப்போவதாக 2023 பிப்ரவரியில் முகமை அறிவித்தது. மார்ச் இறுதியில் வேளாண் அமைச்சர் மார்க் ஃபெனோ, பெரிய விவசாயிகள் சங்கமொன்றின் மாநாட்டு மேடையிலேயே, அந்த முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டார். ஏப்ரலில் முகமை தன் முடிவை நிறைவேற்றியது. சில மாதங்களில் ஐரோப்பிய ஒன்றியமும் அப்பொருளின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

அதிகாரம் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டுவார்கள். நான் சற்றுத் தயங்குவேன். அளப்பவரே ஆணையிடும்போது, ஆணையால் நட்டப்படுபவர்களின் சினம் அளவுகோலின்மீதே பாய்கிறது. விவசாயிக்கு மாற்று வழி என்ன, இழப்பை யார் ஈடுசெய்வது என்பன அறிவியல் குழு பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. வாக்குக் கேட்டு வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியவை.

எங்கள் முன்னோர் தமிழர்கள். குவாதலூப்பில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறோம். மண்ணில் குளோர்டெகோன் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைச் சாப்பிடலாம்? (பிரெஞ்சுக் கடிதத்தின் சுருக்கம்)

வாழையைத் துளைக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை, பிரான்சுக்குச் சொந்தமான கரீபியத் தீவுகளான குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் அடித்த பூச்சிக்கொல்லி அது. பிரான்சில் 1990-இலேயே தடை வந்தும், அங்கே மேலும் மூன்று ஆண்டுகள் விலக்கு அளிக்கப்பட்டது. மண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் கரையாமல் கிடக்கும். ஆகவே மண்ணோடு ஒட்டி வளரும் சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகளிலேயே அதிகம் ஏறுகிறது. மரத்தில் காய்ப்பவற்றுக்கு அவ்வளவாகப் போவதில்லை.

மாசடைந்த பகுதித் தோட்டக் கிழங்குகளை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் உண்ண வேண்டாம், ஆற்று மீனைத் தவிர்க்க வேண்டும், மீன்பிடித் தடையுள்ள கடற்பகுதிகளின் மீனையும் உண்ணக்கூடாது என்பவை ஆன்செஸின் அறிவுரைகள். மண்ணைக் கிளறி மேயும் வீட்டுக் கோழிகளின் முட்டையிலும் எச்சரிக்கை வேண்டும். தோட்ட வேலையே தொழிலாக இருந்தவர்கள் குடும்பத்தில் இருந்தால் இன்னொரு செய்தி: பூச்சிக்கொல்லிகளுக்கும் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முகமை 2021-இல் ஆராய்ந்து அறிக்கை தந்தது, அவ்வாண்டு டிசம்பரில் அரசு அதைத் தொழில்சார் நோயாக அங்கீகரித்தது. எனவே இழப்பீடு கோரலாம்.

முதல் வேலையாக மண்ணைச் சோதியுங்கள். வீட்டுத் தோட்டங்களுக்கென்று நடத்தப்படும் ‘ஜாஃபா’ திட்டத்தில் அது இலவசம். வட்டாரச் சுகாதார முகமையிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.