குழலை மாற்ற வேண்டாம், ஸ்கோப்பைப் பாருங்கள்

உங்கள் துவக்கு 100 மீற்றரில் சரியாகச் சுடுகிறது, 25 மீற்றரில் சிதறுகிறது, குழலை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். குழலை மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். 100 மீற்றரில் ஒரே இடத்தில் விழும் சன்னங்கள் 25 மீற்றரில் சிதறினால் குழல் குற்றவாளி இல்லை.

உங்கள் மலிவு ஸ்கோப்பில் (துவக்கின் மேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) தூரத்துக்கேற்பச் சரிசெய்யும் பக்கக் குமிழ் இல்லை என்கிறீர்கள். அந்த வகை பெரும்பாலும் 100 யார் தூரத்துக்கென்றே அமைத்து வரும். கிட்ட உள்ள இலக்கில் கண் சற்று விலகினாலே ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குக்கம்பி நகர்ந்து தெரியும், குறி தவறும்.

துவக்கில் ரவை இல்லையென்று உறுதி செய்துவிட்டு, இலக்கைப் பார்த்தபடி மணல் மூட்டையில் வையுங்கள். கை படாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். கம்பி இலக்கின் கறுப்பு வட்டத்தின் மேல் ஊர்ந்தால் அதுதான் கோளாறு. பிடங்கில் (துவக்கின் பின்கட்டையில்) கன்னம் படும் இடத்தில் ரப்பர் துண்டொன்று ஒட்டுங்கள். கண் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும்.

நுவரெலியாக் காலைப் பனியில் கண்ணாடி மங்கும், வெயில் ஏறியபின் பாருங்கள். 100 மீற்றரிலும் சிதறத் தொடங்கினால் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம்.