நகல் மரபணுவிலிருந்து புதிதாக என்ன வரும்? ஏற்காட்டிலிருந்து ஒரு பதில்

"மரபணுக் குடும்பம் என்பது ஒரே மரபணுவின் பல நகல்கள் என்று டியூஷனில் சொன்னார்கள். நகலிலிருந்து புதிதாக என்ன வந்துவிடப் போகிறது? செடியிலும் விலங்கிலும் ஒவ்வோர் உதாரணம் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவராக இருக்க வேண்டும். ஒரு வரியில் இலக்கணம் சொல்லி, மனப்பாடம் செய்யச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். "என்ன வந்துவிடப் போகிறது" என்ற சொல் என்னைச் சுட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் காபி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். இப்போது சேலத்தில் தாவரவியல் பாடம் எடுக்கிறேன். ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. செல்லில் வேதிவினைகளை நடத்தும் புரதங்களான நொதிகளையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் நான் சில படிகளைச் சுருக்கியிருப்பதாகக் குறை சொல்லலாம். சுருக்கித்தான் இருக்கிறேன், ஒரு மாணவருக்காக.

செல்லில் டிஎன்ஏ படியெடுக்கப்படும்போதும் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போதும் சில நேரம் ஒரு மரபணு இரண்டாகிவிடும். வீட்டில் ஒரே ஓர் அரிவாள் இருந்தால் அதைக் கொல்லனிடம் கொடுத்து வளைத்துப் பார்க்கத் துணிய மாட்டோம். இரண்டு இருந்தால் ஒன்றைத் துணிந்து கொடுக்கலாம். மூல மரபணு பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, நகலில் சடுதிமாற்றங்கள், அதாவது டிஎன்ஏவின் எழுத்துகளில் தற்செயலாக வரும் மாற்றங்கள், சேரும். பெரும்பாலான நகல்கள் கெட்டு வீணாகிவிடும். ஒன்றிரண்டு வேறு வேலைக்குத் திரும்பும். சுசுமு ஓனோ என்ற அறிஞர் 1970இலேயே இதை ஒரு புத்தகமாக விரித்து எழுதிவிட்டார்.

செடிக்கு உதாரணம் காபி. மூலக்கூறுகளின் மேல் மெத்தில் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு) ஒட்டவைக்கும் நொதிகளின் குடும்பம் ஒன்று உண்டு. ஜாதிமல்லி மணத்தில் கலந்திருக்கும் மெத்தில் ஜாஸ்மோனேட்டைச் செடிகளில் உண்டாக்குவது அந்தக் குடும்பம். வலி தைலத்தில் மூக்கைத் துளைக்கும் மெத்தில் சாலிசிலேட்டைச் செடிகள் தயாரிப்பதும் அதே குடும்பத்து நொதியால்தான். காபிச் செடியில் அதன் உறுப்பினர்கள் பக்கத்தில் பக்கத்தில் இரட்டித்துப் பெருகி, காஃபீன் செய்யத் தொடங்கின. 2014இல் ரொபஸ்டா காபியின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது இது தெளிவானது. தேயிலையும் கொக்கோவும் அதே குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து, காபியைச் சாராமல், தாமாகவே காஃபீனுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தனித்தனி வழியில் வந்து ஒரே முடிவைச் சேர்வதுதான் உங்கள் பாடத்தில் வரும் குவி பரிணாமம்; அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. காபிப் பூவின் தேனிலும் ஆரஞ்சுப் பூவின் தேனிலும் காஃபீன் சிறிதளவு இருக்கிறது. அது தேனீக்களின் நினைவாற்றலைக் கூட்டுகிறது என்று 2013இல் காட்டினார்கள். எங்கள் மலையில் இரண்டும் அருகருகே பூக்கின்றன.

பூ என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காபியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்து தோட்டம் வெள்ளையாகும் நாட்களில், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் வேலிக்குள் புகுந்து, படம் எடுக்கக் கிளையையே ஒடித்துக் கையில் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு பூவும் ஒரு பழம். தட்டிக் கேட்டால் "ஒரு கிளைதானே" என்கிறார்கள். அதை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயியிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.

இனி விலங்கு. இதுதான் எனக்கு வலிக்கும் இடம். பழம் எடுப்புக் காலத்தில் ஆள் போதாமல் ஆண்களையும் இறக்குவார்கள். என் சித்தப்பாவின் கூடையில் எப்போதும் பச்சைக் காய் கலந்திருக்கும். எடை போடும் இடத்தில் கணக்குப்பிள்ளை கூடையைக் கவிழ்த்து, எல்லார் முன்னாலும் "சோம்பேறி, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பறித்தாய்" என்று ஏசுவார், கூலியில் பிடிப்பார். சித்தப்பா தலை குனிந்து நிற்பார். பறித்தது காய் என்று அவருக்குத் தெரிந்தால்தானே பதில் சொல்வதற்கு? கிளை கழிக்கும் கவாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் சோம்பேறி என்ற பெயர் கடைசிவரை போகவில்லை.

கல்லூரியில் ஆப்சின் மரபணுக்களை, அதாவது கண்ணில் ஒளியை உணரும் புரதங்களுக்கான மரபணுக்களை, படித்த அன்று எனக்குச் சித்தப்பாவின் கூடைதான் நினைவுக்கு வந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் இரண்டு மரபணுக்கள் நம் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மரபணு இரட்டித்ததால் வந்தவை அவை. மலைப்பாதையில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்கும் அதே இரட்டிப்பின் வாரிசு என்பதால்தான் இலைக்கு நடுவே சிவந்த பழம் அதன் கண்ணில் படுகிறது. அமெரிக்கக் கண்டத்து ஊளைக்குரங்குகளில் இதே இரட்டிப்பு தனியாக இன்னொரு முறை நடந்திருக்கிறது. இரண்டு நகலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், குரோமோசோம்கள் துண்டு மாற்றும்போது இடம் பிசகி ஒன்று விடுபட்டுப் போகும்; இல்லையேல் இரண்டும் கலந்து ஒட்டிவிடும். அப்படி நேர்ந்தவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது; இதைத்தான் நிறக்குருடு என்கிறோம். 1986இல் ஜெரமி நேதன்ஸ் குழுவினர் இதை நிறுவினார்கள். உங்கள் வேதியியல் புத்தகத்தில் வரும் ஜான் டால்டனுக்கும் இந்தக் குறை இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அவருடைய கண்ணிலிருந்து 1995இல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது பச்சைக்கான மரபணு அதில் இல்லை.

"எல்லாவற்றுக்கும் மரபணுவையே காரணம் காட்டுகிறார்" என்று யாராவது பின்னூட்டம் இடலாம். சித்தப்பாவுக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் மகளுடைய பையனுக்குச் செய்தோம். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அது தாயிடமிருந்து வருவது. தாத்தாவிடமிருந்து மகளுக்குப் போன எக்ஸ், பேரனுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா தட்டுகளைக் காட்டியபோது அவனால் பெரும்பாலானவற்றைப் படிக்க முடியவில்லை. வகுப்பு ஆசிரியையிடம் பேசியிருக்கிறோம். வரைபடத்தில் நிறத்தோடு எண்ணும் குறித்துத் தருகிறார். வண்ணப் பென்சில்களில் அவன் அம்மா நிறத்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள்.