வாசகர் கேள்வி – பதில்: பிராக் நகரில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

கேள்வி: வரும் ஒக்டோபரில் இரண்டு மாதப் பயிற்சிக்காக பெர்லின் செல்கிறேன். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த சிநேகிதி வியன்னாவில் வசிக்கிறாள். ஆறு வருடங்களாக நாங்கள் நேரில் சந்திக்கவில்லை. ஒரு வெள்ளி மாலை புறப்பட்டு, முதுகுப்பையோடு பிராக், புடாபெஸ்ட் இரண்டையும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு திரும்ப எண்ணியிருக்கிறோம். ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) இது முடியுமா? என்ன கொண்டுபோக வேண்டும்? பலர் சேர்ந்து படுக்கும் ஹோஸ்டல் அறை என்றதும் அம்மா கவலைப்படுகிறார்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் புடாபெஸ்ட்டை விட்டுவிடுங்கள். பெர்லினிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் பிராக் நகருக்கு ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம். இருவருக்கும் நடுவில் இப்படியொரு நகரம் வாய்த்திருப்பதே அதிர்ஷ்டம். அங்கிருந்து புடாபெஸ்ட் இன்னும் 7 மணி நேரப் பயணம். இரண்டையும் பார்க்கப் புறப்பட்டால், ஆறு வருடக் கதையைப் பேசவேண்டிய இருவரும் ரயில் பெட்டியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நித்திரை கொண்டதுதான் மிச்சமாக இருக்கும்.

விசா குறித்து அஞ்ச வேண்டியதில்லை. பிராக் நகரம் இருக்கும் செக் குடியரசு 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் வலயத்தில் இருக்கிறது. அந்த வலயத்துக்குள் நாடு மாறுவது புதிய நுழைவாகக் கணக்கிடப்படுவதில்லை. லண்டனிலுள்ள உறவினர் வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் மட்டுமே சிக்கல். வலயத்தை விட்டு வெளியேறினால் அந்த விசாவில் திரும்பி நுழைய முடியாது. ஆனால் எல்லைச் சோதனையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஜேர்மனி 2024 செப்டெம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது; திரும்பும் ரயிலில் பொலிஸார் ஏறிக் கேட்கலாம். ஆகையால் பிரதியை அல்ல, மூலக் கடவுச்சீட்டையே உடம்போடு வைத்திருங்கள்.

பைக்கு வருவோம். 30 முதல் 35 லீற்றர் கொள்ளளவு தாராளமாகப் போதும். இடுப்புப் பட்டி இல்லாத பையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். பாரத்தைத் தோளுக்குப் பதிலாக இடுப்பெலும்பு தாங்கினால்தான் மாலையிலும் நடக்க முடியும். சக்கரப் பெட்டி அங்கே உதவாது. பழைய நகரத் தெருக்கள் சிறு சிறு கற்கள் பதித்தவை. அவற்றின்மேல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். மாற்றுடுப்பு இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று, மழைச்சட்டை, விரைவில் உலரும் மெல்லிய துவாய், ஏற்கெனவே காலுக்குப் பழகிய சப்பாத்து, ஒரு சிறிய ஆமைப் பூட்டு ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. கொழும்பை விட்டுக் கிளம்புமுன் பையை முழுமையாக அடுக்கி மாட்டிக்கொண்டு, மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டிவரை நடந்துபோய்த் திரும்புங்கள். வரும் வழியில் எந்தப் பொருளை நினைத்து உங்களுக்கு எரிச்சல் வருகிறதோ, அதை வெளியே எடுத்துவிடலாம். முடிவில் தராசு 7 கிலோவுக்குக் கீழே நிற்கவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பயணத்தில் எனக்குக் கவலை தருவது அதுதான். சிநேகிதி யூரோவில் சம்பளம் வாங்குகிறவள். நீங்களோ ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பீர்கள். அவள் சாதாரணமாகப் போய் உட்காரும் உணவகத்தின் விலைப்பட்டியல் உங்கள் முகத்தை மாற்றும். அவளும் அதைக் கவனிப்பாள். இருவரும் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். இதைத் தவிர்க்க, ரயிலேறுவதற்கு முன்பே தொலைபேசியில் ஒரு தொகையைக் கதைத்து முடிவுசெய்து, இறங்கியதும் இருவரும் சமமாகக் காசு போட்டு ஒரு சிறிய பணப்பையைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். உணவு, டிராம், நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலிருந்து போகட்டும். முடிந்துவிட்டால் மறுபடி இருவரும் சமமாகப் போடுங்கள். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கே எழாது. சனி பிற்பகல் இரண்டு மணி நேரம் தனித்தனியே திரியுங்கள் என்றும் சொல்வேன். ஒருத்திக்கு அருங்காட்சியகம், மற்றவளுக்குக் கடைத்தெரு என்றால் யாரும் யாருக்காகவும் கால் கடுக்க நிற்கவேண்டியதில்லை.

செக் நாட்டுப் பணம் யூரோ அல்ல, கொருனா. சுற்றுலாத் தெருக்களில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் கமிஷனை மாற்று விகிதத்துக்குள்ளேயே ஒளித்துவைத்திருப்பது வழக்கம். ஏமாந்துவிட்டீர்கள் என்று உடனே தெரிந்தால், பற்றுச்சீட்டோடு 3 மணி நேரத்துக்குள் போய், 1,000 யூரோ வரையான மாற்றை இரத்துச் செய்ய 2019 முதல் அங்கே சட்டம் இடமளிக்கிறது. ஏ.டி.எம். இயந்திரம் உங்கள் அட்டையின் நாணயத்திலேயே கணக்கிடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள்.

நகரத்தில் எதைப் பார்ப்பது என்பதை விட எப்போது பார்ப்பது என்பதே முக்கியம். நான்காம் சார்ள்ஸ் மன்னன் 1357இல் தொடங்கிய சார்ள்ஸ் பாலம் 516 மீற்றர் நீளமானது. ஏறக்குறைய நமது காலிமுகத்திடலின் நீளம். அதன் 30 சிலைகளையும் நின்று பார்க்க ஆசையிருந்தால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குப் போனால் மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம். அங்கிருந்து 22ஆம் இலக்க டிராமில் கோட்டைக்கு ஏறுங்கள். பயணச்சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. டிராமுக்குள் இருக்கும் மஞ்சள் பெட்டியில் செருகி நேரத்தைப் பதித்தால்தான் அது செல்லும், இல்லாவிட்டால் அபராதம். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்தது. அந்தப் பொறுமையை நினைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு தடவை அப்போஸ்தலர்களின் உருவங்கள் அதில் வலம் வரும்போது எல்லோரும் அண்ணாந்து நிற்பார்கள்; பிக்பொக்கட்காரர்களுக்கு அதுதான் நல்ல வேளை. பிரிந்து சென்றவர்கள் சந்திக்கக் கடிகாரத்தடி வேண்டாம். அதே சதுக்கத்திலுள்ள ஜான் ஹஸ் நினைவுச் சின்னம் வசதியானது.

ஹோஸ்டலில் பெண்களுக்கு மட்டுமான அறை என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஆமைப் பூட்டு அங்குள்ள பெட்டகத்துக்குத்தான். அம்மாவிடம் ஒன்றை மட்டும் விளக்கிவிடுங்கள்: ஒக்டோபர் கடைசி ஞாயிறுவரை கொழும்பு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். அவர் காலை ஆறு மணிக்குச் சாமி கும்பிட்டுவிட்டு அழைத்தால், ஆறு பேர் தூங்கும் அறையில் இரவு இரண்டரைக்கு மணியடிக்கும்.

கேள்வி: ஜேர்மனியில் படிக்கும் என் மகன் நண்பனோடு ஒரு வார இறுதிக்கு மலிவு விமானத்தில் ரோம் போகிறான். நான் அனுப்பிய சீனிச் சம்பலைக் கையோடு கொண்டுபோகலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நானும் ஒருமுறை இப்படிப் போனவன். கைப்பையிலிருந்த போத்தலை வெளியே எடுத்த அலுவலர், அதைச் சரித்துப் பார்த்தார். எண்ணெய் மெதுவாக ஒரு பக்கம் வழிந்தது. “இது திரவம்” என்றார். சம்பல் திரவமா என்று வாதாடிப் பார்த்தேன், பயனில்லை. போத்தல் குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. பல விமான நிலையங்களில் களியான எதுவும் திரவமாகவே கருதப்படுகிறது. அங்கெல்லாம் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் விடமாட்டார்கள். மலிவுச் சீட்டில் பெட்டி ஒப்படைக்கவும் தனிக் கட்டணம் கேட்பார்கள். மகன் அதைச் சிறு சிறு குப்பிகளில் பிரித்து எடுத்துப் போகட்டும். ரயிலில் இந்த விதி கிடையாது. வெள்ளவத்தை வாசகி முழுப் போத்தலையே கொண்டுபோகலாம், மூடியை இறுக்கி இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் வைத்துக்கொண்டால் சரி.