தட்டின் மேல் கையை வைத்து "போதும் அத்தை" என்றான்

வணக்கம் மேடம்,

என்னுடையது மனசுப் பிரச்சினையா பணப் பிரச்சினையா என்று எனக்கே தெரியவில்லை. பணம்தான் என்றால் நீங்கள் என்ன செய்ய முடியும்? ஆனாலும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது.

நாங்கள் திருப்பூர். ஒரே வீட்டில் பத்துப் பேர். மாமனார், மாமியார், கணவர், நான், பெண் பத்தாவது, பையன் எட்டாவது, கல்யாணம் ஆகாத கொழுந்தன், அப்புறம் போன வருஷம் தை மாசம் தாராபுரத்திலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்ட நாத்தனார். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், பீஸ் ரேட். இங்கே சனிக்கிழமைதான் சம்பளம், அதனால் எங்கள் வீட்டுக் கணக்கும் வாரக் கணக்குதான். கணவர் 2000, கொழுந்தன் 1000, ஆக 3000 ரூபாய் சனிக்கிழமை ராத்திரி என் கைக்கு வரும். வாடகை, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கணவர் பார்த்துக்கொள்கிறார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படி என் பொறுப்பு.

ரேஷன் அரிசியில் சோறு ஆக்கினால் மாமியார் தொட மாட்டார், அது இட்லி தோசைக்குப் போய்விடும். சோற்றுக்குப் பொன்னி 26 கிலோ சிப்பம் 1500 (25 கிலோ வரைக்கும் பையில் வந்தால் வரி உண்டாம், அதனால் மில்காரர்கள் 26 ஆக்கிவிட்டார்கள்), இரண்டு வாரம் வரும், அப்போ வாரத்துக்கு 750. பால் தினம் ஒரு லிட்டர், 280. கேஸ் மூன்று வாரத்தைத் தாண்டாது, அதற்கு 300 எடுத்து வைக்க வேண்டும். உழவர் சந்தையில் காய் 600. ரேஷன் பருப்பு, பாமாயில் போக வெளியில் மளிகை 700. முட்டை ஒரு அட்டை 190. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழி 230. கூட்டிப் பாருங்கள், 3050. யாருக்கும் காய்ச்சல் வராமல், ஒரு விருந்தாளி வராமல் இருந்தாலே 50 ரூபாய் துண்டு விழுகிறது. வியாழக்கிழமை ஆனால் டப்பாவில் சில்லறைதான். மாமியாரிடம் சொன்னால் "நான் இதைவிடக் கம்மியில் பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டேன்" என்பார். அவருக்கு மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருகிறது, அது சீட்டுக்குப் போகிறது. நாத்தனார் செக்கிங் வேலைக்குப் போகிறாள், அவளிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்று மாமியார் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், அவள் ஏற்கெனவே கடனில் இருக்கிறாளாம்.

இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நான் எழுத வந்தது வேறு. மூன்று வாரம் முன்னால் ஒரு புதன்கிழமை ராத்திரி முட்டைக் குழம்பு. ஒன்பது முட்டை போட்டேன், எனக்குப் போடவில்லை, அது பழக்கம். நாத்தனார் பையனுக்கு ஆறு வயசு, இன்னொன்று கேட்டான். "உனக்குத்தான் மதியம் ஸ்கூல்ல போட்டாங்களேடா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் பையனுக்கு மட்டும் சத்தமில்லாமல் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தேன். அவன் ஸ்கூலில் மதியம் சாப்பாடு கிடையாதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஹாலில் பாயில் படுத்திருந்த அந்தச் சின்னவன் கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

மறுநாள் ராத்திரி நான் கரண்டியை நீட்டுவதற்கு முன்னாலேயே தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு "போதும் அத்தை" என்றான். இரண்டு தோசைதான் சாப்பிட்டிருந்தான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது மேடம். மூன்று மணிக்கு முழிப்பு வந்து கணக்குப் போடுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன், இரண்டு முறை பொங்கி வீணாயிற்று, அந்த 20 ரூபாய்க்கு அழுதேன். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. நான் இவ்வளவு கெட்டவளாக எப்போது ஆனேன்?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. 3000 ரூபாயைப் பத்துப் பேருக்கும் ஏழு நாளைக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 43 ரூபாய்கூட வரவில்லை, அதிலும் கேஸ் அடக்கம். இதில் பாலும் முட்டையும் ஞாயிற்றுக்கிழமைக் கோழியும் வைத்து நீங்கள் ஓட்டுகிறீர்கள். சிக்கனக் குறிப்பு எதுவும் உங்களுக்கு நான் தரப்போவதில்லை, தரவும் முடியாது. இனி வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே நீங்கள் வெட்டிக்கொண்டிருப்பது உங்கள் தட்டைத்தான்.

தலைசுற்றலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், செலவு இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடைசியில் உட்கார்ந்து ரசத்தையும் மிச்சச் சோற்றையும் சாப்பிடுகிற உங்களுக்கும் அது இருக்கலாம். களைப்பு, எரிச்சல், கவனம் சிதறுவது எல்லாம் அதோடு சேர்ந்து வரும். மாத்திரை கொடுத்தால் டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது.

அடுத்தது பால் பொங்குகிற விஷயம். 2013இல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்னால் ஒரு முறை, காசு கைக்கு வந்த பிறகு ஒரு முறை, யோசித்துப் பதில் சொல்லும் சின்னச் சின்னச் சோதனைகள் வைத்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனால் காசு இல்லாத நாட்களில் அவர்கள் செய்தது மோசமாக இருந்தது. புத்தி குறைந்துபோகவில்லை, மனசில் ஒரு பங்கை அந்தப் பற்றாக்குறையே பிடித்துக்கொண்டது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். அவர்களுக்கு அறுவடை வருஷத்துக்கு ஒரு முறை. உங்களுக்குச் சனிக்கிழமை அறுவடை, வியாழக்கிழமை வறட்சி, வாரா வாரம். அடுப்பில் பால் இருப்பது எப்படி ஞாபகம் இருக்கும்? அந்த முட்டைக் குழம்பு நாளும் புதன்கிழமைதான், கவனித்தீர்களா?

சரி, முட்டைக்கு வருவோம்.

நீங்கள் செய்தது தப்பு. அதை நான் மழுப்ப விரும்பவில்லை, மழுப்பினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். பள்ளிக்கூட முட்டையைச் சொல்லிக்காட்டியது தப்பு. ராத்திரி உங்கள் மகனுக்கு அவித்துக் கொடுத்ததை நான் அவ்வளவு பெரிசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், பெற்ற பிள்ளை முழித்துப் படித்தால் எந்த அம்மாவும் எதையாவது தேடுவாள். ஆனால் கெட்டவள் என்றால் மூன்று வாரமாக அந்தக் கை தட்டின் மேல் இருப்பது கண்ணில் பட்டிருக்காது. எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. பற்றாக்குறை பத்துப் பேருக்கும் பொது, ஆனால் "இல்லை" என்கிற வார்த்தை மட்டும் ஒரே ஒரு வாயிலிருந்து வருகிறது. உங்கள் கணவர் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதில்லை, கவரைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. கொழுந்தனுக்கு டப்பாவில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மாமியாருக்குப் பழைய பெருமை இருக்கிறது. கரண்டியைப் பிடித்து நிற்பது நீங்கள், குழந்தைகள் கண்ணுக்கு வறுமை என்றால் அது நீங்கள்தான்.

அதனால் கரண்டியைக் கீழே வையுங்கள், நிஜமாகவே சொல்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டுப் பெரியவர் சிறியவர் எல்லாரும் அவரவரே போட்டுக்கொள்ளட்டும், நீங்களும் கூடவே உட்காருங்கள். முதல் இரண்டு நாள் யாராவது ஒருவர் நிறைய எடுப்பார், எடுக்கட்டும், பத்தாவது ஆளுக்குக் குறைவதை எல்லாரும் ஒரு முறை பார்க்க வேண்டும். முழு முட்டையைக் குழம்பில் போடாதீர்கள், அது எண்ண வைக்கும். வெங்காயத்தோடு பொடிமாஸ் செய்துவிட்டால் யாருக்கு எத்தனை என்கிற பேச்சே கிடையாது. அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மன்னிப்புக் கேட்கிற நாடகம் எதுவும் வேண்டாம், ஆறு வயசுக் குழந்தைக்கு அது இன்னும் பாரம். "அன்னைக்கு அத்தை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்று போகிற போக்கில் ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். தட்டின் மேல் இருக்கிற கை தானாக விலகும், ஒரே வாரத்தில் விலகாது, பொறுங்கள்.

அவனுடைய அம்மாவிடம் நீங்கள் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன். கடிதம் முழுக்க நாத்தனார் ஓரமாகத்தான் வருகிறாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண், காசு கொடுக்கவும் விடாமல் "நீ சும்மா இரு" என்று வைத்திருக்கிறார்கள். அது பார்க்கப் பாசம் மாதிரி இருந்தாலும் அவளை நிரந்தர விருந்தாளியாக்கிவிடுகிறது, விருந்தாளிதான் பிள்ளையிடம் "கேக்காதே, போதும்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுப்பாள். எனக்கு நிச்சயமில்லை, ஆனால் அந்தக் கை தட்டின் மேல் போனதில் அவள் பயமும் கொஞ்சம் இருக்கும் என்று தோன்றுகிறது. மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து, டப்பாவைத் திறந்து அவளிடம் காட்டுங்கள். வாரம் 300 அவளால் முடியுமா என்று கேளுங்கள், 200 என்றாலும் சரி. அந்த ரூபாய் வந்துவிட்டால் அவள் பிள்ளைகள் இன்னொரு தோசை கேட்பதற்கு ஒரு உரிமை வரும், உங்களுக்கு அவள்மேல் இருக்கிற கடுப்பும் குறையும் (இருக்கிறது, எழுத்தில் தெரிகிறது). அப்படியே அவள் பெயரும் பிள்ளைகள் பெயரும் இன்னும் தாராபுரத்து ரேஷன் அட்டையில்தான் கிடக்கிறதா என்று பாருங்கள். அங்கே நீக்கி உங்கள் அட்டையில் சேர்க்க ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், அட்டை வகையைப் பொறுத்து அரிசி கூடும்.

கணவரிடமும் கொழுந்தனிடமும் பேச வேண்டும். வியாழக்கிழமை பேசாதீர்கள், சண்டையில் முடியும். சனிக்கிழமை ராத்திரியும் வேண்டாம், ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்களுக்குக் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயோடு எனக்கு எழுதின அதே கணக்கை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிய பேச்சாக அது மாறிவிடும். ஏழு பேர் இருந்தபோது கொழுந்தன் கொடுத்த 1000 பத்துப் பேர் ஆன பிறகும் 1000 ஆகவே இருக்கிறது என்பதைத் தாளே சொல்லும். கேட்க வேண்டியது 500 ரூபாய் என்று தெளிவாகக் கேளுங்கள், "கொஞ்சம் கூடக் கொடுங்க" என்றால் கிடைக்காது.

மாமியாரோடு மோத வேண்டாம். பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் அவர் வீட்டில் காடு இருந்ததா, மாடு இருந்ததா, கொள்ளும் கம்பும் காசு கொடுத்து வாங்கினாரா, விறகுக்குப் பணம் கொடுத்தாரா என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள், குத்திக்காட்டுவதற்கு இல்லை, கதை கேட்கிற மாதிரி. அப்போது அவர் எதைச் சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். அப்புறம் வியாழக்கிழமைச் சமையலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நானும் உங்கள் பக்கம்தான், ஈரோட்டுக்காரி, அரிசியும் பருப்பும் சாதத்துக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்துக் கொட்டிவிட்டால் ரேஷன் அரிசி என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், செய்தவரே ரசித்துச் சாப்பிடுவார். சீட்டுப் பணத்தைப் பற்றி இப்போதைக்குப் பேச்செடுக்காதீர்கள். அந்த 1000 ரூபாய்தான் அவர் பெயருக்கென்று வருகிற காசாக இருக்கலாம்.

இதெல்லாம் ஆரம்பித்து மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் அந்த மூன்று மணி முழிப்பு தொடர்ந்தால், அல்லது இருக்கவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி நினைப்பு வந்தால், நாள் எண்ணாமல் 14416க்கு போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குக் கொழுந்தனை அனுப்புங்கள், கையில் 600 ரூபாய், பை இரண்டு, சாமான் பட்டியல் மட்டும். கொத்தமல்லி மறந்துவிட்டு வருவார், அடியில் போட்ட தக்காளி நசுங்கியிருக்கும், 40 ரூபாய் கூடவும் செலவாகியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். மீதி எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.