தாடையை வளர்த்தால் கிளிப் தேவைப்படாதா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டு, நெருக்கியடித்து முளைக்கின்றன. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான். கிளிப் போட்டால் பல்லைப் பிடுங்கி முகத்தை ஒடுக்கிவிடுவார்களாம். இப்போதே நாக்குப் பயிற்சியும் தாடையை விரிக்கும் கருவியும் கொடுத்தால் முகம் சரியாக வளர்ந்துவிடும், கிளிப்பே வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முதலில் அந்தக் குறட்டையைக் கவனியுங்கள். பல்லைவிட அதுதான் அவசரம். வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு, விழுங்காமல் மூன்று நிமிடம் மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். திணறினால் மூக்கடைப்பு இருக்கலாம். திணறாவிட்டாலும், தினமும் குறட்டை விடும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ அலர்ஜியோ மூக்கை அடைத்திருக்கும்போது நாக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? மூச்சுக்காக வாய் திறந்துதான் கிடக்கும்.

அடுத்து தாடை. மேல்தாடை இரண்டு பாதிகளாக அண்ணத்தின் (வாயின் மேற்கூரை) நடுக்கோட்டில் சேர்கிறது. சிறு வயதில் அந்த இணைப்பு இளகும். அதனால்தான் அண்ணத்தில் பொருத்தும் திருகுக் கருவியால் அதை விரிக்க முடிகிறது. ஒரு திருப்புக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். ஓரிரு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், சில மாதங்களில் தானே மூடிக்கொள்ளும். விரிந்த இடத்தில் எலும்பு வளரும்வரை கருவி வாயிலேயே இருக்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கிற குழந்தைக்கு இது அருமையான சிகிச்சை. ஆனால் கீழ்த்தாடையின் நடு இணைப்பு முதல் பிறந்தநாளுக்குள் எலும்பாக இறுகிவிடும். அங்கே 'தாடையை விரிக்கிறோம்' என்றால் பற்கள் வெளிப்புறமாகச் சாய்கின்றன, அவ்வளவுதான்.

நாக்கை அண்ணத்தில் ஒட்டி, உதட்டை மூடி வைத்தால் முகமே முன்னோக்கி வளரும் என்பது பிரிட்டன் பல்மருத்துவர் ஜான் மியூ முன்வைத்த ஆர்த்தோட்ராபிக்ஸ் முறை. கட்டுப்பாடான ஆய்வுகளில் அது நிரூபிக்கப்படவில்லை. விரல் சூப்பும் பழக்கத்தையும், விழுங்கும்போது நாக்கால் பல்லைத் தள்ளுவதையும் திருத்தப் பயிற்சிகள் துணைசெய்யும். அதைத் தாண்டி முக எலும்பை மாற்றும் என்ற வாக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பல் எடுத்தால் தாடை சுருங்கிவிடும் என்பதும் வீண் பயம். உதடு சற்று உள்வாங்கலாம். எல்லாருக்கும் பல் எடுக்க வேண்டியதுமில்லை.

துருத்திய பற்களை 8 வயதிலேயே உள்ளே கொண்டுவருவதால், விழுந்து அடிபட்டு முன்பல் உடைகிற ஆபத்து குறைகிறது. அது உண்மையான லாபம். மற்றபடி பருவ வளர்ச்சி வேகமெடுக்கும்போது, ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 14 வயதில், சிகிச்சையைத் தொடங்கினாலும் இறுதிப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். கீழ்த்தாடை முந்திக்கொண்டு நிற்கும் குழந்தைகள் வேறு. அவர்கள் 10 வயதுக்குள் வந்துவிட வேண்டும்.

பற்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் இப்போதே காட்டுங்கள். கருவி போடச் சொன்னால், எந்தக் கோளாறுக்கு, எத்தனை மாதத்துக்கு, பலன் தெரியாவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். பிறகு கிளிப் வேண்டுமா என்பதை, பால்பற்கள் எல்லாம் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்ததும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.